ராபர்ட் வில்லிஸ்: பேராலயங்களைக் கல் கல்லாகப் படித்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கலை விமர்சகர் ரஸ்கின் பெயர் வரும், கட்டடக் கலைஞர் பியூஜின் பெயர் வரும், பிரான்சின் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் பெயரும் வரும். ராபர்ட் வில்லிஸ் பெயர் வருவது அரிது. இங்கிலாந்தின் பேராலயங்களில் எந்தச் சுவர் எப்போது எழுந்தது என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவர் போட்டுக்கொடுத்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அவரைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

யார் இந்த வில்லிஸ்?

1800 பிப்ரவரியில் லண்டனில் பிறந்தவர். தாத்தா பிரான்சிஸ் வில்லிஸ், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனநோய்க்கு மருத்துவம் பார்த்தவர், தந்தையும் மருத்துவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1827இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானார். 1837 முதல் 1875இல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில் இயற்கைத் தத்துவத்துக்கான ஜாக்சன் பேராசிரியர் பதவியில் இருந்தார். இயற்கைத் தத்துவம் என்ற பெயரில் அவர் நடத்தியது பெரும்பாலும் இயந்திரவியல்.

சிறு வயதிலிருந்தே எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் என்ற வேட்கை அவருக்கு இருந்தது. 1819இல் ஹார்ப் இசைக்கருவியின் மிதிகட்டையைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். அப்போது லண்டனில், 'சதுரங்கம் ஆடும் தானியங்கிப் பொம்மை' ஒன்று காட்சிக்கு வந்து ஊரையே வியக்க வைத்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு முழு மனிதர் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று அளவுகளோடும் படங்களோடும் விளக்கி 1821இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். வயது 21. பின்னாளில் பேராலயத் தூண்களிடம் அவர் கேட்ட கேள்வியும் இதுவேதான்: வெளியே தெரிவது இருக்கட்டும், உள்ளே என்ன இருக்கிறது?

இயந்திரவியல் பேராசிரியருக்குப் பேராலயத்தில் என்ன வேலை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. வில்லிஸ் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தவர் போலத் தோன்றும். ஒருபுறம் 1841இல் இயந்திர அசைவுகளை வகைப்படுத்தும் நூல். உயிரொலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று குழாய்களையும் நாக்குத் தகடுகளையும் வைத்துச் செய்த சோதனைகள். குரல்வளையின் இயக்கம் பற்றிய ஆய்வு. 1847இல் செஸ்டர் நகருக்கு அருகே டீ ஆற்றின் மேலிருந்த வார்ப்பிரும்பு ரயில் பாலம் இடிந்து ஐவர் உயிரிழந்தபோது அமைக்கப்பட்ட அரசு விசாரணைக் குழுவில் அவர் உறுப்பினர். ஓடும் பாரம் இரும்பு உத்திரத்தை எவ்வளவு வளைக்கிறது என்று அவரே சோதனை நடத்தினார். மறுபுறம் கேன்டர்பரி, வின்செஸ்டர், யார்க், சிச்செஸ்டர், வூஸ்டர் என்று பேராலயம் பேராலயமாக ஆய்வு.

என் பார்வையில் இவை இரண்டு வாழ்க்கைகள் அல்ல. ஒரு பேராலயம் சுமையைத் தாங்கும் கற்களின் கூட்டம். எந்தக் கல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, எது முன்னால் வைக்கப்பட்டது, எது பின்னால் செருகப்பட்டது, வளைவு தள்ளும் விசையை எந்தச் சுவர் வாங்கிக்கொள்கிறது என்று கேட்கப் பழகிய கண்ணுக்குத்தான் கட்டடத்தின் வரலாறு தெரியும். அக்காலத்துப் பழம்பொருள் ஆர்வலர்கள் பலர் கோதிக் (கூர்முனை வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணி) வளைவின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். வில்லிஸ் ஏணி வைத்து ஏறி, வளைகூரையின் முதுகைப் பார்த்தார்.

முதல் பேராலய நூல் எது?

1835இல் வந்த, இடைக்காலக் கட்டடக்கலை பற்றிய, குறிப்பாக இத்தாலியைப் பற்றிய குறிப்புகள் கொண்ட நூல். ஐரோப்பியப் பயணத்துக்குப் பிறகு எழுதியது. ஒரு கட்டடத்தின் பாரம் உண்மையில் எப்படித் தாங்கப்படுகிறது என்பது வேறு, அது தாங்கப்படுவதாகக் கண்ணுக்குக் காட்டப்படுவது வேறு என்று அதில் பிரித்துச் சொன்னார். கோதிக் தூணைச் சுற்றி நிற்கும் மெல்லிய கம்பங்கள் மேலே விலா வளைவுகளாக விரிந்து கூரையைத் தாங்குவதுபோலத் தெரியும். பாரம் பெரும்பாலும் அவற்றின் வழியாக இறங்குவதில்லை. பின்னாலுள்ள கற்கட்டும் வெளியேயுள்ள உதைசுவரும் அதை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் கண் அந்தக் கம்பங்களைத்தான் நம்புகிறது. கோதிக்கைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும் என்றுகூடச் சொல்வேன். ரஸ்கின் தம் கட்டடக்கலை எழுத்துகளில் வில்லிஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

அவருடைய புகழ் எந்த ஆய்வால் வந்தது?

கேன்டர்பரி. 1844 செப்டம்பரில் அந்நகரில் பிரிட்டிஷ் தொல்லியல் சங்கம் தன் முதல் மாநாட்டை நடத்தியது. அங்கே வில்லிஸ் பேராலயத்தின் வரலாற்றைச் சொற்பொழிவாக நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு அது நூலானது.

நூலின் அமைப்பே புதுமையானது. முதல் அத்தியாயங்களில் அவர் தம் கருத்தைச் சொல்வதில்லை. கட்டடம் எழுந்ததையும் எரிந்ததையும் நேரில் கண்ட துறவிகளான எட்மர், ஜெர்வாஸ் போன்றோரின் லத்தீன் எழுத்துகளை மொழிபெயர்த்து முன்னால் வைக்கிறார். அதன் பிறகே கட்டடத்துக்குள் நுழைகிறார். ஆவணம் சொல்வது ஒரு பக்கம், கல் சொல்வது ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகும் இடம் எது, ஆவணம் மௌனமாக இருக்கும்போது கல் மட்டும் பேசும் இடம் எது என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம். கட்டட வரலாறு எழுதும் எவரும் இன்று இதைத்தான் செய்கிறார்கள். 1845இல் இது வழக்கத்தில் இல்லை.

ஜெர்வாஸ் அப்படி என்ன எழுதியிருக்கிறார்?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இடைக்காலக் கட்டுமானம் ஒன்றை ஆண்டுவாரியாகப் பதிவுசெய்த இத்தகைய எழுத்து மிக அபூர்வம்.

ஜெர்வாஸ் கேன்டர்பரி மடத்துத் துறவி. 1163இல் பேராயர் தாமஸ் பெக்கெட்டிடமே துறவாடை பெற்றவர். பெக்கெட் 1170 டிசம்பர் 29 அன்று பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நான்கு ஆண்டுகள்கூட முடியவில்லை, 1174 செப்டம்பர் 5 அன்று தீ. மடத்து வாசலுக்கு வெளியே மூன்று குடிசைகள் பற்றிக்கொண்டன. பலத்த காற்று தீப்பொறிகளைத் தூக்கிப் பேராலயக் கூரையில் போட்டது. ஈயத் தகடுகளின் இடுக்கு வழியாக அவை உள்ளே போய், உளுத்த மரத்தில் தங்கின. மேலே ஈயம், கீழே வண்ணம் தீட்டிய மரக்கூரை. இரண்டுக்கும் நடுவே நெருப்பு யாருக்கும் தெரியாமல் வளர்ந்தது. குடிசைத் தீயை அணைத்த ஊர்மக்கள் வீடு திரும்பிவிட்டார்கள். ஈயம் உருகி, கூரைக்கு மேல் தீ நாக்கு தெரிந்த பிறகுதான் அலறல் எழுந்தது.

துறவிகள் கூடிப் பாடி வழிபடும் கிழக்குப் பகுதியான பாடற்பகுதி முழுவதும் போயிற்று. 1130இல் புனிதப்படுத்தப்பட்ட, மடத்தலைவர் கான்ராடின் பெயரால் 'கான்ராடின் மகிமையான பாடற்பகுதி' என்று பெயர் வாங்கிய இடம் அது. மக்கள் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுததையும், கடவுளையும் புனிதர்களையும் ஏசியதையும் ஜெர்வாஸ் மறைக்காமல் எழுதுகிறார். துறவிகள் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடுக்கூடத்தின் ஒரு மூலையில் வழிபாடு நடத்தினார்கள்.

பிரான்சிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கட்டடத் தலைவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பழைய தூண்களைச் செப்பனிடலாம் என்றார்கள் சிலர். எல்லாவற்றையும் இடிக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். பிரான்சின் சான்ஸ் நகரத்து வில்லியம் தேர்ந்தெடுக்கப்பட்டார். சேதம் எவ்வளவு பெரியது என்பதை அவர் உடனே சொல்லவில்லை. துயரத்தில் இருந்த துறவிகள் தாங்கமாட்டார்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகவே சொன்னார். கடல் கடந்து கல் வரவழைத்தார். கப்பலில் கல்லை ஏற்றவும் இறக்கவும் பொறிகள் செய்தார். சிற்பிகளுக்குக் கல்லின் வடிவத்தைக் காட்டும் அச்சுகளை வெட்டிக்கொடுத்தார். பிறகு ஆண்டுக் கணக்கு: இந்தக் குளிர்காலத்துக்கு முன் இத்தனை தூண், குளிர்காலத்துக்குப் பின் இத்தனை, அதன் மேல் இத்தனை வளைவு.

1178இல் பெரிய வளைகூரையை எழுப்புவதற்குச் சாரத்தின் மேல் நின்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, மரங்கள் முறிந்து, கற்களோடு சேர்ந்து வில்லியம் ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுந்தார். படுக்கையில் கிடந்தபடியே சிறிது காலம் வேலையை நடத்தினார். குளிர்காலம் நெருங்கவே, கண்காணிப்பு ஓர் இளம் துறவியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனால் பொறாமை கிளம்பியது என்று ஜெர்வாஸ் குறிப்பிடத் தவறவில்லை. வில்லியம் பிரான்சுக்குத் திரும்பினார். அடுத்து வந்தவரும் ஒரு வில்லியம், ஆங்கிலேயர். உடலில் சிறியவர், கைவேலையில் கூர்மையானவர், நேர்மையானவர். 1180 ஈஸ்டருக்குத் துறவிகள் புதிய பாடற்பகுதிக்குள் நுழைந்தார்கள். ஜெர்வாஸின் கணக்கு 1184 வரை நீள்கிறது.

பழையதையும் புதியதையும் அவர் ஒப்பிடும் பகுதி எனக்கு மிகப் பிடித்தது. பழைய தூண்தலைகள் வெறுமையானவை, புதியவை நுண்சிற்பம் கொண்டவை. முன்பு கோடரியால் கொத்தினார்கள், இப்போது உளியால் செதுக்கினார்கள். முன்பு பளிங்குக் கம்பமே இல்லை, இப்போது எண்ணற்றவை. கோதிக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணியிலிருந்து கோதிக்குக்கு ஒரு நாடு மாறியதை, அந்தப் பெயர்கள் எவையும் தெரியாத ஒருவர் தம் கண்ணால் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.

வில்லிஸ் அதைக் கல்லில் எப்படிச் சரிபார்த்தார்?

ஜெர்வாஸின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு தூண் தூணாக நடந்தார் என்று சொல்லலாம். எந்தத் தூண் எந்த ஆண்டு என்பது தரைப்படத்தில் குறிக்கப்பட்டது. ஓர் உதாரணம். கேன்டர்பரிப் பாடற்பகுதி கிழக்கே போகப் போக இடுப்பு ஒடுங்கியதுபோல நெருங்கி, திரித்துவச் சிற்றாலயத்தில் மீண்டும் விரிகிறது. இது அழகுக்காகச் செய்தது அல்ல. தீயில் தப்பிய புனித ஆன்செல்ம், புனித அந்திரேயா கோபுரங்கள் இரண்டு பக்கமும் நின்றன. அவற்றை இடிக்க மனமில்லாததால் புதிய தூண்வரிசையை உள்ளே வளைக்க வேண்டியதாயிற்று. ஜெர்வாஸே இதைச் சொல்கிறார். கல்லும் அதையே காட்டுகிறது. பக்கவாட்டுச் சுவர்களில் தீக்கு முந்தைய வேலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதன் மேல் புதுக் கல் எங்கே ஏறுகிறது என்பதையும் வில்லிஸ் பிரித்துக் காட்டினார்.

வின்செஸ்டரில் அவர் கண்டுபிடித்தது என்ன?

ஆவணம் மெலிந்துபோன இடத்தில் கல்லை மட்டும் நம்பி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு வின்செஸ்டர் சான்று. 1845இல் நிகழ்த்திய உரை. மறு ஆண்டு அச்சானது.

1079இல் ஆயர் வால்கெலின் தொடங்கிய அந்தப் பேராலயத்தின் நடுக்கோபுரம் 1107இல் சரிந்தது. குறுக்குக் கூடங்களின் சுவர்களை வில்லிஸ் நெருங்கிப் பார்த்தபோது இரண்டு வகைக் கட்டு தெரிந்தது. ஒன்றில் கற்களுக்கு இடையே சாந்து தடிமனாக இருக்கிறது. கோபுரத்தை ஒட்டிய பகுதியிலோ மூட்டு மெல்லிய கோடு. முதலாவது வால்கெலினுடையது, இரண்டாவது கோபுரம் விழுந்த பிறகு எடுத்துக் கட்டியது என்று அவர் முடிவுசெய்தார். நார்மன் காலக் (1066க்குப் பின் நார்மன்கள் இங்கிலாந்தை ஆண்ட காலம்) கட்டுமானங்களுக்குக் காலம் குறிக்க இந்த மூட்டு அகலம் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது.

நடுக்கூடம் இன்னும் வியப்பானது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர் விக்கம் எழுப்பிய, முற்றிலும் கோதிக்கான கூடம் என்றுதான் அது கண்ணுக்குத் தெரியும். உண்மையில் பழைய நார்மன் கூடம் இடிக்கப்படவே இல்லை. வில்லியம் விய்ன்ஃபோர்டின் தலைமையில் கல்தச்சர்கள் பல தூண்களில் பழைய கல்லையே செதுக்கிப் புது உருவம் கொடுத்தார்கள். மற்ற இடங்களில் முகப்புக் கல்லை மாற்றினார்கள். மூன்று அடுக்காக இருந்த சுவரை இரண்டு அடுக்காகத் தோன்றச் செய்தார்கள். ஒரே தூண் இடைவெளியின் பழைய தோற்றத்தையும் புதிய தோற்றத்தையும் அருகருகே வைத்து வில்லிஸ் வரைந்த படத்தைப் பாருங்கள். பக்கம் பக்கமாக எழுதினாலும் அந்தத் தெளிவு வராது.

வளைகூரை பற்றிய கட்டுரையை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

1842இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் நிறுவனத்தின் வெளியீட்டில் வந்தது அது. இடைக்கால வளைகூரையை அதைக் கட்டியவரின் இடத்தில் நின்று விளக்கிய முதல் எழுத்து என்பது என் மதிப்பீடு. விலா வளைவுகள் ஒவ்வொன்றும் எளிய வட்ட வில்லாக இருந்தால் கல் வெட்டுவது எளிது. ஓர் அச்சு பல கற்களுக்கு உதவும். நீள்வட்டமாக இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் தனி அச்சு வேண்டும். கல்தச்சர் முதலில் விலாக்களின் வளைவைத் தீர்மானித்துவிட்டு, இடையிலுள்ள பரப்பு அதற்கேற்ப எப்படி வந்தாலும் சரி என்று விட்டுவிட்டார்.

விலாக்கள் சுவரிலிருந்து கிளம்பும் இடத்தில் முதல் சில வரிசைக் கற்கள் கிடைமட்டமாகவே அடுக்கப்படுகின்றன; வளைவு உண்மையில் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. சாரமும் மரத் தாங்கியும் அவ்வளவுக்கு மிச்சம். விசிறி போல விரியும் ஆங்கிலக் கூரைகளில், கீழிருந்து விலாவாகத் தெரிவது சில இடங்களில் தனிக் கல்லே அல்ல, பரப்புக் கல்லின் மேல் செதுக்கிய கோடுதான் என்பதையும் மூட்டுகளைக் கொண்டு அவர் காட்டினார். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஜான் வாஸ்டெல் 1512 முதல் 1515 வரை எழுப்பிய விசிறிக் கூரை அவர் வசித்த ஊரிலேயே இருந்தது.

கற்களின் விளிம்பு நெளிவுகளை முழு அளவில் காகிதத்தில் எடுக்கத் தனிக் கருவி ஒன்றையும் அவரே உருவாக்கினார். இரண்டு நெளிவுகள் ஒரே அச்சில் வெட்டப்பட்டவையா என்று அறிய, கண் மதிப்பு போதாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சிச்செஸ்டர் ஊசிக்கோபுரம் விழுந்ததை அவர் ஆராய்ந்தாரா?

ஆம். 1861 பிப்ரவரி 21, பகல் ஒன்றரை மணி அளவில் சிச்செஸ்டர் பேராலயத்தின் நடுக்கோபுரமும் ஊசிமுனையும் ஏறத்தாழ நேராகத் தமக்குள்ளேயே இறங்கிச் சரிந்தன. தூண்களில் விரிசல் கண்டு, முட்டுக்கொடுத்து, தொழிலாளர்கள் இரவெல்லாம் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டில் வில்லிஸின் சிச்செஸ்டர் நூல் அந்தச் சரிவைப் பற்றிய கட்டுரையோடு வெளிவந்தது. வெளியே நல்ல செதுக்குக் கல், உள்ளே தரம் குறைந்த சாந்தில் போட்ட கல்நொறுங்கு: தூண்களின் உட்பகுதி நூற்றாண்டுகளாக நைந்து, பாரத்தை மெல்லிய மேல்தோல் சுமக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் 1866இல் கோபுரத்தை மீண்டும் எழுப்பினார்.

அவருடைய உரைகளில் என்ன சிறப்பு?

முதலில் அரங்கில் படங்களோடு விளக்குவார். பிறகு கேட்டவர்களையெல்லாம் பேராலயத்துக்கே அழைத்துச் சென்று, சொன்னதைக் கல்லில் காட்டுவார். சந்தேகப்படுபவர் கையை வைத்தே பார்க்கலாம். 1862இல் கட்டடக் கலைஞர்கள் நிறுவனம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அவர் ஒரு கட்டடமும் கட்டிப் பெயர் வாங்கியவர் அல்லர்.

பிறகு ஏன் பெயர் மங்கியது?

ரஸ்கினின் உரைநடை தனியாகவே வாசிக்கத் தகுந்தது. பேராலயத்தைப் பார்க்காதவரும் வாசிப்பார். வில்லிஸை வாசிக்கத் தரைப்படம் அருகில் வேண்டும். அவர் ஒழுக்கம் பற்றியோ சமுதாயம் பற்றியோ பேசவில்லை. அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி தொல்லியல் சங்க வெளியீடுகளில் தனித்தனி ஆய்வுகளாகச் சிதறிக் கிடந்தது. கோதிக் முழுவதையும் தழுவிய ஒரே பெருநூல் வரவில்லை. சில உரைகள் உரைகளாகவே நின்றுவிட்டன.

அவரிடம் குறைகளே இல்லையா?

இருக்கின்றன. சிற்பமும் வண்ணக் கண்ணாடியும் அவர் எழுத்தில் பின்னால் தள்ளப்படுகின்றன. கேன்டர்பரியில் இது பெரிய இழப்பு. ஜெர்வாஸை அவர் பெரும்பாலும் நேர்மையான சாட்சியாகவே ஏற்றுக்கொண்டார். அந்தத் துறவி யாருக்காக எழுதினார், மடத்துக்கும் பேராயருக்கும் இருந்த பூசலில் அந்த எழுத்தின் நோக்கம் என்ன என்ற கேள்விகளைப் பிற்கால ஆய்வாளர்கள்தான் எழுப்பினார்கள். அவருடைய காலக்கணிப்புகள் சில திருத்தப்பட்டுள்ளன. திருத்தியவர்கள் பயன்படுத்திய வழி பெரும்பாலும் அவருடையதே.

இங்கிலாந்துக்கு வெளியே எதுவும் எழுதவில்லையா?

இத்தாலி பற்றி முன்பே சொன்னேன். எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தின் கட்டட வரலாற்றை 1849இல் எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் வில்லார் த ஒனகூரின் ஓவியக் குறிப்பேட்டை, பிரெஞ்சுப் பதிப்பைத் தொடர்ந்து, தம் குறிப்புகளையும் சேர்த்து 1859இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இடைக்காலக் கட்டடங்களை அக்காலத்தவர் ஒருவர் வரைந்துவைத்த ஏடு அது. பொறிகளின் படங்களும் அதில் உண்டு. அதற்கு உரை எழுத வில்லிஸைவிடப் பொருத்தமானவர் இருந்திருக்க முடியாது.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கேன்டர்பரி நூலிலிருந்து, அதிலும் ஜெர்வாஸின் மொழிபெயர்ப்புப் பகுதியிலிருந்து. பேராலயத்தின் தரைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வின்செஸ்டர். வளைகூரைக் கட்டுரை கடினமானது; வடிவியல் பிடிக்கும் என்றால் மட்டும் உடனே எடுங்கள். நான்கு தொகுதிகளாக விரியும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கட்டட வரலாற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். 1854இல் ஓர் உரையாகத் தொடங்கிய அந்த வேலையை முடிக்கும் முன்பே வில்லிஸ் இறந்துவிட்டார். அவருடைய சகோதரி மகன் ஜான் வில்லிஸ் கிளார்க் விடுபட்டதை எழுதிச் சேர்த்து 1886இல் வெளியிட்டார். அதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்துப் படங்களோடு பார்த்தால் போதும்.